பூங்காவனம் கேட்ட இரண்டு கேள்விகள்

யாரும் கண்டுகொள்ளாத சின்னப் படங்களைத் தேடிப் பிடித்து, நாலு பேரைக் கூட்டிக் காட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். வந்து பேசச் சொன்னீர்கள். முழங்கால் விடவில்லை, அதனால் எழுதி அனுப்புகிறேன். படச்சுருளைக் கோப்பதும் திரையை இழுத்துக் கட்டுவதும் உங்களுக்கு இனித் தேவைப்படாது. ஒரு பொத்தானை அழுத்த எல்லாம் ஓடுகிறது. ஆனால் ஒருவரிடம் போய் "இந்தப் படத்தைப் பார்" என்று சொல்கிற வேலை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அந்த வேலையை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்களில் சிலருக்கு என் மேல் இருக்கும் மரியாதை இதைப் படித்தபின் குறையும். குறையட்டும்.

எழுபத்தேழுக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு தகரக் கூரைத் தியேட்டரில் எனக்கு வேலை. எந்தப் படத்தை எடுப்பது, எத்தனை நாள் ஓட்டுவது, நோட்டீசில் என்ன எழுதுவது, எல்லாம் என் பொறுப்பு. முதலாளிக்குச் சண்டையும் பாட்டும் வேண்டும். எனக்கோ வேறு பைத்தியம். பெயர் தெரியாத ஆட்கள் தங்கள் சொந்த முயற்சியில் ஒரு குடும்பத்தின் கதையை எடுத்து, அது கொழும்பில் நாலு நாள் ஓடிப் பெட்டிக்குள் போயிருந்தால், அந்தப் படம் என்றால் எனக்கு உயிர். கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியை அவரிடம் வாங்கிக்கொண்டேன்.

"ஞாயிறு விடிய ஆர் வரப்போகினம்? நீர் உம்மட விளையாட்டை விளையாடும்" என்றார் முதலாளி.

முதல் ஞாயிறு உள்ளதை உள்ளபடி நோட்டீசில் போட்டேன். ஆறு வருடத்துக்கு முந்திய படம், பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஆனால் நல்ல படம் என்று. ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஊரில் ஓடாத படம் அந்த ஊருக்குப் புதுப் படம். எத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்திருந்தாலும் "இந்த வருஷம் எடுத்த படம்" என்றுதான் அறிவிப்போம். யாரும் அதைப் பொய்யாக எண்ணவில்லை, எண்ணினாலும் வெட்கப்படவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்கிறார்களே, நல்ல படத்துக்கும் சனத்துக்கும் நான் செய்து வைப்பதும் கல்யாணம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பாதிக் கதிரைகள் நிறைந்தன. அதற்குப் பிறகு என் வாயிலிருந்து ஒரு படத்தின் உண்மையான வயது வந்ததே இல்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு படப்பெட்டி வந்தது. கொண்டு வந்தவர் அந்தப் படத்தை எடுத்தவரேதான். மெலிந்த மனிதர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு விடுமுறைகளில் படம் எடுத்தவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்தை, இரண்டு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். மூத்த மகள் போக மறுக்கிறாள். அவ்வளவுதான் கதை. கறுப்பு வெள்ளை. கடைசியில் ஒரு மலைநாட்டு ரயில் நிலையத்தில் நீண்ட காட்சி. ரயில் புறப்படுகிறது, மேடையில் நிற்கிற சனத்தின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. தனியாக இருந்து பார்த்து அழுதேன். அடுத்த நாள் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

"நடிச்சது நாலு பேர்தான். மிச்சமெல்லாம் அங்க நிண்ட சனம்" என்றார் அவர். "எழுபத்தாறில எடுத்தது. கிழிஞ்ச சட்டையோட கமராவுக்கு முன்னால நிக்கச் சில பேருக்கு வெக்கம். நாங்களே சட்டை குடுத்துப் போடச் சொல்லி நிப்பாட்டினனாங்கள். படத்துக்கு இந்த ஒரு கொப்பிதான் இருக்கு, கவனம்."

எழுபத்தாறு. காதால் கேட்டேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளிலும் அதுவே எழுதியிருந்தது.

யாருக்குக் காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்ட சனம் விசுவமடுப் பக்கமும் ஸ்கந்தபுரத்துப் பக்கமும் காடு வெட்டிக் குடிசை போட்டிருந்தது. ஊர்க்காரரான எங்கள் ஆட்களின் வயல்களில் கூலி வேலை. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு வயலிலும் அவர்கள்தான் நாற்று நட்டார்கள், நெல் அறுத்தார்கள். முற்றத்தோடு அனுப்பிவிடுவோம், உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுத்ததில்லை. அந்தச் சனத்துக்கு அவர்களுடைய கதையைக் காட்டப் போகிற பெரிய மனிதன் நான் என்று எனக்கு ஒரு பெருமை. காரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு குடியிருப்புக் குடியிருப்பாகப் போனேன். "மலைநாட்டு மக்களின் கண்ணீர்க் கதை! இந்த வருஷம் எடுத்த புத்தம் புதுப் படம்!" என்று என் சொந்தக் குரலில் கூவினேன்.

ஞாயிறு காலை டிராக்டர் பெட்டிகளில் வந்து இறங்கினார்கள். படம் அமைதியாக ஓடியது. கடைசி ரயில் நிலையக் காட்சியில் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று "ஏங்க!" என்று கத்தினார். அது அழுகையாக இருக்கவில்லை. முன்னால் போகிற புருஷனைத் திரும்பிப் பார்க்கக் கூப்பிடுகிற குரல்.

காட்சி முடிந்ததும் அந்தப் பெண் மகளையும் இழுத்துக்கொண்டு படம் ஓட்டுகிற ஒப்பரேட்டரின் அறை வாசலுக்கு வந்தார். பெயர் பூங்காவனம். நாற்பது வயதிருக்கும். அவர் சொன்னது இதுதான். எழுபத்தேழில் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது புருஷன் ராமையா, பெண்சாதியையும் பிள்ளையையும் தேயிலைச் செடிகளுக்குள் படுக்க வைத்துவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆறு வருடமாகத் தாலியோடு காத்திருக்கிறார். இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக, வருகிற ஆடி அமாவாசையன்று தாலியைக் கழற்றிக் கருமாதி செய்துவிடுவது என்று உறவினர் கூடி முடிவெடுத்திருந்தார்கள்.

"அந்தத் தூணுப் பக்கத்துல சாக்கு மூட்டையோட நிக்கிறாருங்க. ஞாயித்துக்கெழம அவரு டேசனுக்கு மூட்ட தூக்கப் போவாரு" என்றார். "ஐயா, இந்தப் படம் எப்ப எடுத்ததுங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். "அந்தச் சட்டைய நான் பாத்ததே இல்லீங்க. அவருகிட்ட இருந்தது ரெண்டு சட்ட. ரெண்டையும் நான்தான் தொவப்பேன். இது அதுக்கப்புறம் வாங்கினதுதாங்க. இல்லீங்களா?"

அரை நிமிடம் இருந்திருக்கும். படம் எடுத்தவர் சட்டை கொடுத்த கதை எனக்குத் தெரியும். வருடம் தெரியும். எனக்குப் பின்னால் முதலாளி நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பழியை அவர் மேல் போட மாட்டேன். வாசலில் டிராக்டருக்குக் காத்து நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர் ஊராகக் கூவியது பொய் என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இரண்டும் என்னைத் தடுத்தன. எது அதிகம் தடுத்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

"இந்த வருஷத்துப் படம்தான் அம்மா" என்றேன்.

பூங்காவனம் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் பின்னுக்கு நகரவும் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தொலைந்துபோன ஆள் படத்தில் நிற்கிறாராம் என்று இரண்டு நாளில் குடியிருப்பு முழுக்கக் கதை பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு கதிரை போதாமல் நீள வாங்குகளை இழுத்துப் போட்டோம். தமையனைத் தேடி வந்தவர்கள், பிள்ளையைத் தேடி வந்தவர்கள், கூடவே எங்கள் பக்கத்து ஆட்களும் புதினம் பார்க்க வந்திருந்தார்கள். கதையை யாரும் பார்க்கவில்லை. ரயில் நிலையம் வந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. "கொஞ்சம் நிப்பாட்டுங்க, மொகத்தப் பாக்கணும்" என்று பூங்காவனம் கத்தினார். நிறுத்த முடியாது. நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படம் பொசுங்கிவிடும். ராமையா திரையில் நின்றது நாலே நாலு விநாடி.

ஓடாத படங்களுக்காக அத்தனை வருடம் அலைந்தவன் நான். நிறைந்த மண்டபத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். மூன்றாம் ஞாயிறும் போடுவது என்று தீர்மானித்தேன்.

எங்கள் ஒப்பரேட்டர் அதிகம் பேசாத மனிதர். சுருளைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த மனுசிக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டீரோ?"

"சொல்லுவன் அண்ணை. இப்ப ஒரு நம்பிக்கையோட இருக்கிறா. இருந்திட்டுப் போகட்டுமே."

"இருந்தாப் பரவாயில்லை. எழும்பித் தேடப் போனா என்ன செய்வீர்?"

மூன்றாம் ஞாயிறு காட்சி முடிந்ததும் சொல்வது என்று நினைத்தேன். அன்றைக்குப் பூங்காவனத்தைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள், தங்களுடைய ஆட்களும் உயிரோடு இருக்கக்கூடும் என்று பேசிக்கொண்டு. நான் பக்கத்தில் போகாமல் பின்கதவால் வெளியே போய்விட்டேன். மறுநாள் பெட்டியைக் கொழும்புக்கு ரயிலில் ஏற்றினேன்.

நாலாம் ஞாயிறு வேறு படம். பூங்காவனம் வரவில்லை. பின்நேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். மகள் மட்டும் குடிசை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மலைக்குப் போயிட்டாங்க. நேத்துக் காலையில. அப்பாவக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். பிறகு குனிந்துகொண்டே சொன்னாள். "மாப்பிள வீட்டுல வேணாம்னுட்டாங்க. அப்பா உசிரோட இருந்துக்கிட்டே ஆறு வருஷமா வரலன்னா, அங்க வேற குடும்பம் இருக்கும்னு பேசறாங்க."

அதை நான் யோசித்திருக்கவில்லை. பெண்சாதி பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு நெருப்புக்குள் திரும்பிப் போன மனிதனை, என் ஒரு வார்த்தை குடும்பத்தை விட்டு ஓடியவன் ஆக்கியிருந்தது.

"பிள்ளை, அந்தப் படம் எழுபத்தாறில எடுத்தது. கலவரத்துக்கு முந்தி. சட்டை படம் எடுத்த ஆக்கள் குடுத்தது."

சுளகை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

அவர்களுடைய பழைய தோட்டத்தின் பெயரை மகளிடம் வாங்கிக்கொண்டு வந்து பூங்காவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நேரே போயிருக்கலாம். வவுனியாவுக்குப் போனால் கண்டிக்குப் பஸ் இருக்கிறது. அந்தக் கிழமை தியேட்டரில் பெரிய படம் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த கிழமை போவோம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த கிழமை கொழும்பு எரிந்தது. பிறகு மலைநாட்டிலும் எரிந்தது. பஸ் நின்றது, ரயில் நின்றது, என் கடிதமும் எங்கேயோ நின்றிருக்கும்.

அகதிகளை ஏற்றிய லொறிகளும் பஸ்களும் வடக்கே வரத் தொடங்கியபோது வவுனியாவுக்குப் போய் நின்றேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை. இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆட்கள் வேகமாக இறங்கிப் போய்விடுவார்கள். ஒரு முகத்தைச் சரியாகப் பார்க்குமுன் அடுத்த முகம் வந்துவிடும். சில பேரைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறேன். பூங்காவனம் வரவில்லை. குடியிருப்புக்குப் போய் மகளின் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவு இல்லை. போகவே இல்லை.

தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் ஒரு படத்தை நல்லது என்று சொல்லும்போது வெறும் படத்தை மட்டும் கொடுப்பதில்லை. அவர்கள் உங்கள் சொல்லை நம்பி வந்து உட்காருகிறார்கள். படத்தில் எது உண்மை, எது நடிப்பு, எது எப்போது நடந்தது என்று கேட்டால் நீங்கள் சொல்வதைத்தான் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஏழு பேர் வந்தால் ஏழு பேருக்குக் காட்டுங்கள். பொய்யைத் திருத்த நல்ல நேரம் பார்க்காதீர்கள். பூங்காவனம் கேட்ட அந்த அரை நிமிடத்தில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு காலைப்பொழுது வெட்கம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஞாயிறும் சேர்த்த பாவம்.

புரட்டாசியில் ஒரு மதியம், தியேட்டரில் ஆள் இல்லாத நேரம், பூங்காவனம் வந்தார். உயிரோடு வந்தார். இடது கை முழங்கை வரை சுட்டு ஆறிய தழும்பு. கழுத்தில் தாலி இல்லை. எழுந்து என் கதிரையைக் கொடுத்தேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நான் அழத் தொடங்கிவிட்டேன். எழுபத்தாறு என்றேன், சட்டை என்றேன், மன்னிக்க வேண்டும் என்றேன். எல்லாம் குழறலாக வந்தது.

"தெரியுங்க" என்றார். "டேசனுக்கு முன்னால தேத்தண்ணிக் கடக்காரரு சொன்னாரு. படம் எடுத்தப்ப எனக்கும் ஒரு சட்ட கெடச்சிச்சு அம்மான்னாரு. அன்னிக்கே தெரிஞ்சிருச்சு. திரும்பி வாறதுக்குள்ளதான் மறுபடியும் நெருப்பு வச்சுட்டானுங்க. இந்தத் தடவையும் தேயிலைக்குள்ளதான் படுத்துக் கெடந்தேன்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே அவரு வரமாட்டாரு. அங்கயே ஆத்துல கருமாதி முடிச்சிட்டேங்க. அவரு படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல, எல்லாம் லயத்தோட போச்சு. அதான் வந்தேன். அந்தப் படத்த எனக்கு ஒரே ஒருதடவ போட்டுக் காட்டுங்கய்யா."

படம் எடுத்தவரிடமிருந்து எனக்கு ஏற்கெனவே ஒரு தபாலட்டை வந்திருந்தது. கொழும்பில் பெட்டியை வைத்திருந்த கட்டிடம் ஆடியில் எரிந்ததில் அந்தக் கொப்பியும் போய்விட்டது, வேறு கொப்பி இல்லை என்று. அதை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க" என்றார் பூங்காவனம். "மக சொல்லுது, அப்பா சிரிச்சிக்கிட்டு நின்னாருன்னு. நான் பாக்குறப்ப எல்லாம் கண்ணுல தண்ணி. சரியாத் தெரியல. அவரு சிரிச்சாரா ஐயா?"

ஓம், சிரித்தார் என்று சொல்ல எவ்வளவு நேரம்? நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் காட்சியில் புகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வெளிச்சம் தண்டவாளத்தில் எப்படி விழுகிறது, எந்த இடத்தில் சத்தம் நிற்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். தூணடியில் நின்ற மனிதனை நான் பார்த்திருக்கவில்லை. பூங்காவனம் இடத்தைச் சொல்லிக் காட்டிய பிறகும் அந்தப் படம் இரண்டு ஞாயிறு ஓடியது. அந்த இரண்டு ஞாயிறும் நான் திரைக்குப் பக்கத்தில் நின்று நிறைந்த கதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கவனிக்கேல்லை அம்மா" என்றேன்.

எனக்கு ஞாபகம் வந்துவிடும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சுடுபட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க அங்கதானே நின்னீங்க" என்றார்.